நின்றுபோன கடிகாரத்துக்குள்

ரதோவனுக்குத் திசை தெரியாது. அதை அவர் மறைத்ததும் இல்லை. ரொட்டி வாங்கப் போனவர் வேறு தெரு வழியாக வீடு திரும்ப முயன்று, கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் போய் நின்ற கதையை அந்த மலையூரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தால் பனியிலும் சேற்றிலும் வண்டி வழுக்காமல் கொண்டுபோவார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை மட்டும் பக்கத்து சீட்டிலிருந்து மனைவி மிலாடா சொல்ல வேண்டும். அவள் சொல்வாள், அவர் திருப்புவார். கல்யாணமும் அப்படித்தான் நடந்தது, குடித்தனமும் அப்படித்தான் நடந்தது.

வருஷா வருஷம் மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை அந்தப் பக்கத்தில் பழைய கார்களுக்கு வழி தேடும் போட்டி ஒன்று நடக்கும். வேகத்துக்கு அதில் மதிப்பில்லை. புறப்படும் மேஜையில் ஒரு பழைய வரைபடமும், சின்னச் சின்னக் குறிகள் அச்சிட்ட ஒரு தாளும் கொடுப்பார்கள். அவற்றை வைத்து, அமைப்பாளர்கள் மனதில் வைத்திருக்கும் வழியைக் கண்டுபிடித்து அதே வழியில் போக வேண்டும். குறுக்கு வழியில் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஒரு பிரயோசனமும் கிடையாது. சரியான வழியில் மரங்களில் எழுத்துப் பலகைகள் தொங்கும். எங்காவது ஒரு மடக்கில் நடுவர் ஒருவர் ரப்பர் முத்திரையோடு உட்கார்ந்திருப்பார். எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, முத்திரையையும் வாங்கியாக வேண்டும். ரதோவனும் மிலாடாவும் எழுபத்துநாலாம் வருஷத்துச் சிவப்பு ஸ்கோடாவில் அதில் முப்பத்தெட்டு தடவை கலந்துகொண்டவர்கள். கோப்பை ஒரு தடவைகூட வாங்கியதில்லை, ஆனால் அவர்கள் வந்துவிட்டார்கள் என்றால் மற்றவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். மிலாடா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவளாக இருபத்தொன்பது வருஷம் வேலை செய்தவள். போட்டியில் கொடுக்கும் அந்தப் பழைய வரைபடத்தில் பாதிச் சாலைகளுக்கு மை இட்டதே அவள் கைதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கண்ணில் நோய் வந்தது. பார்வையின் நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் நோய். எதிரே நிற்பவரின் தோள் தெரியும், தொப்பி தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, போவதைத் தாமதப்படுத்தலாம் என்றார் டாக்டர். மிலாடா அதைக் கேட்டுவிட்டு, அடுத்த ஊசிக்கு எந்தக் கிழமை வர வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

போன வருஷப் போட்டியில் தாளில் இருந்த மூன்றை அவள் எட்டு என்று வாசித்துவிட்டாள். காடெல்லாம் சுற்றி அவர்கள் முடிவிடத்துக்கு வந்து சேர்ந்தபோது மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளைத் தின்றது. வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவை என்னால இப்படி ஆச்சுன்னா, அந்த சீட்டுல நான் உட்கார மாட்டேன் ரதோ. நீ வேற ஆளப் பாத்துக்க” என்றாள்.

வேற ஆள். அந்த வார்த்தை ரதோவனைப் பயமுறுத்தியது. போட்டி போனால் போகட்டும், அதற்காக அவர் பயப்படவில்லை. அந்த சீட்டை விட்டு இறங்கிவிட்டால் அவள் வீட்டுக்குள் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவாள், அதற்கப்புறம் எதையும் சொல்ல மாட்டாள் என்றுதான் பயந்தார். அவள் சொல்லாவிட்டால் அவருக்கு எந்தப் பக்கமும் தெரியாது. ஆகவே இந்த வருஷம் அவள் தப்பு செய்யக்கூடாது. அதற்கு என்ன செய்தாலும் தகும் என்று முடிவு கட்டினார். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் வைத்துக்கொண்டு மனுஷர்கள் செய்கிற அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல.

மார்ச் மாதம் பனி உருகத் தொடங்கியதும், பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறினார். கடையில் ஜிபிஎஸ் கருவிகள் சுவர் நிறைய மாட்டியிருந்தன. முதலில் காட்டியது உள்ளங்கை அகலத் திரை, உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணத்தால் முன் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது. அது தெருக்கோடியிலிருந்து பார்த்தாலே காட்டிக் கொடுத்துவிடும். இரண்டாவது, பழைய ரேடியோவின் முகத்தோடு செய்தது. ரேடியோ இருக்கும் இடத்தில் கச்சிதமாக உட்காரும், பார்ப்பதற்கு அந்தக் காலத்துச் சாமான் மாதிரியே இருக்கும். அதன்மேல் அவருக்கு ஆசை வந்தது. ஆனால் அவர் வண்டியில் ரேடியோவே இருந்ததில்லை. வழி சொல்லும்போது இரைச்சலாக இருக்கும் என்று மிலாடா வைக்க விட்டதில்லை. இத்தனை வருஷம் இல்லாத ரேடியோ இப்போது எங்கிருந்து முளைத்தது என்று அவள் கேட்டால் முழிக்க வேண்டியதுதான். கைபேசியை நினைத்தே பார்க்க முடியாது. போட்டியன்று எல்லோர் கைபேசியையும் உறைக்குள் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

கடைசியில் சைக்கிள்காரர்கள் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும் வட்டமான சின்னக் கருவி ஒன்றை எடுத்தார். அதில் வரைபடம் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. போக வேண்டிய ஊரைச் சொல்லிவிட்டால் அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று ஓர் அம்பு காட்டும், அவ்வளவுதான். எந்த மாதிரி சைக்கிள் வைத்திருக்கிறீர்கள் என்று விற்பனைப் பெண் கேட்டாள். சிவப்பு சைக்கிள் என்றார்.

பொருத்துவதற்கு வண்டி எலெக்ட்ரீஷியன் ஸ்லாவெக்கை விட்டால் ஆளில்லை. அவன் கருவியைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து டேஷ்போர்டையே கொஞ்ச நேரம் பார்த்தான். இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஓட்டுபவர் பக்கம் சற்றே திரும்பியபடி ஒரு வட்டக் கடிகாரம் இருந்தது. பதினேழு வருஷமாக நாலு இருபதில் நிற்கிறது. மிலாடாவின் கழுத்தில் எப்போதும் ஸ்டாப்வாட்ச் தொங்கும் என்பதால் அதைச் சரிசெய்ய யாரும் மெனக்கெடவில்லை. ஸ்லாவெக் அதன் வயிற்றை உருவிவிட்டுக் காலிக் கூட்டுக்குள் கருவியை வைத்தான். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்துகொண்டது.

அவன் வேலை சுத்தமான வேலை. கருவியின் முகத்தில் மெல்லிய கறுப்பு ஃபிலிம் ஒட்டி, பழைய முட்களை அதன்மேல் அதே நாலு இருபதில் நிறுத்தினான். கருவி அணைந்திருந்தால் வெறும் கறுப்புக் கடிகாரம். எரிந்தால் முட்களுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு பச்சை அம்பு. ஆன்டெனாவைத் தகரத்துக்கு அடியில் வைத்தால் சிக்னல் கிடைக்காது என்பதால், முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒட்டினான். பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைக்கும் பெட்டியை ஃப்யூஸ்களுக்குப் பின்னால் கட்டினான். வண்டியில் ஒரு புதுத் துளைகூடப் போடவில்லை. எரிய வைப்பதற்கு, எந்த விளக்கோடும் சேராமல் சும்மா கிடந்த பனிவிளக்கு சுவிட்ச். ஊரை மாற்றுவதற்கு, கடிகாரத்தின் முள் திருப்பும் குமிழ். கடைசியாகக் கருவி சத்தம் போடாமல் இருக்க அதன் ஒலிபெருக்கி வயரை வெட்டினான். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

“போட்டிக்கா அண்ணே?”

ரதோவன் கண்ணாடியைத் துணியால் துடைத்தார்.

“கண்டுபுடிச்சா வெளிய அனுப்பிடுவாங்க. அது உங்க பாடு. அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?”

“அவளுக்காகத்தான்டா இதெல்லாம்.”

“அவங்களுக்காகன்னா அவங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்ல” என்றான் ஸ்லாவெக். ரதோவன் கொண்டுபோயிருந்த பிளம் சாராய பாட்டிலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தான்.

ரதோவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போகும் முன் ஒரு காரியம் செய்தார். மிலாடாவின் சீட்டில் உட்கார்ந்து, மடியில் செய்தித்தாளை விரித்து, அதை நேராகப் பார்த்தார். அம்பு தெரியவில்லை. தலையைத் திருப்பினால்தான் தெரிந்தது. அவள் தலையைத் திருப்பினால் அங்கே சாம்பல் திட்டுதான் தெரியும். நிம்மதியாக இறங்கினார். தன் நல்ல கண்ணை வைத்து அடுத்தவள் கண்ணை அளந்த மகா புத்திசாலி.

கார்புரேட்டர் வேலை என்று சொல்லிவிட்டு ஏப்ரல் முழுக்க ஸ்லாவெக்கின் பட்டறைக்குப் போய்வந்தார். சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாவற்றையும் கருவிக்குள் ஏற்றினார். அந்த நாட்களில் ஒருமுறை சீக்கிரமாக வீட்டுக்கு வந்தபோது மிலாடா சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு தாள். அதை வலப்பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் இடப்பக்கச் சுவருக்கு நேராக வைத்திருந்தாள். தாள் எங்கே இருக்கிறது என்றுகூட இவளுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தார். சத்தமில்லாமல் வெளியே போய், மறுபடி கதவைத் தடால் என்று திறந்துகொண்டு உள்ளே வந்தார். அவள் தாளை அவசரமாக இழுப்பறைக்குள் வைத்தாள். இருவரும் சூப் குடித்தார்கள்.

போட்டியன்று காலை பள்ளிக்கூட மைதானத்தில் நாற்பத்தொரு பழைய கார்கள் நின்றன. ரொட்டிக்குள் வறுத்த இறைச்சித் துண்டு வைத்த பொட்டலங்களையும் தேநீர் ஃபிளாஸ்கையும் மிலாடா காலடியில் அடுக்கினாள். விளக்கு வைத்த உருப்பெருக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அதற்கு விதியில் தடை கிடையாது. உதட்டில் சாயம் பூசியிருந்தாள். போன வருஷம் பூசவில்லை என்பது ரதோவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

தலைமை நடுவர் ஓல்டா வண்டிகளைச் சோதித்துக்கொண்டு வந்தார். முப்பது வருஷப் பழக்கம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, டேஷ்போர்டைப் பார்த்து, “இந்தக் கடிகாரம் எப்பதான்டா ஓடும்?” என்றார்.

“அதுக்கு பென்ஷன் குடுத்தாச்சு” என்றார் ரதோவன். மிலாடா சிரித்தாள்.

நேரம் பதிவு செய்யும் ஊர்கள் லிப்கா, பெலிட்சா, பிறகு திரும்ப இந்த மைதானம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கைபேசிகள் உறைக்குள் போயின. மிலாடா வரைபடம் வாங்க வரிசையில் நின்றபோது ரதோவன் குமிழைத் திருப்பி அந்த ஊர்களை வரிசையாக வைத்து, பனிவிளக்கு சுவிட்சைப் போட்டார். அவர் தனக்குத்தானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டிருந்தார்: போட்டியின் வழி சுற்றுவழி, அம்பு காட்டுவது நேர்வழி, ஆகவே அவள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். அவள் தவித்துப்போய் நின்றால் மட்டும் அம்பு. கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு மாதிரி, அதற்கு மேல் இல்லை.

லிப்கா வரை அவள் பிசகே செய்யவில்லை. இருநூறு மீட்டரில் வலது, குளக்கரையோடு போ, மரத்தில் பலகை இருக்கும் பார் என்பாள். பலகை இருக்கும். இரண்டு இடத்தில் அம்பு நேராகப் போகச் சொன்னது, அவள் சுற்றிப் போகச் சொன்னாள். அவள் சொன்ன பக்கத்தில்தான் எழுத்து தொங்கியது. புறப்பட்ட கொஞ்ச தூரத்தில் மட்டும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தி, என்னவோ யோசித்தவள்போல் இருந்தாள். கண் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். லிப்காவில் நிமிஷம் பிசகாமல் போய் நின்றபோது ரதோவனுக்கு விசிலடிக்கத் தோன்றியது.

அங்கிருந்து பெலிட்சாவுக்குப் போகும் வழியில் ஒரு நாற்சந்தி. இரண்டு லிண்டன் மரங்கள், நடுவில் இரும்புச் சிலுவை. அவர்கள் வீட்டுக்குப் போகும் சாலையும் அதன் வழியாகத்தான் போகிறது. ரதோவனுக்கு உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே சந்தி அது என்று சொல்லலாம். நிறுத்தினார். மிலாடா சொல்லவில்லை. தாளை ஒரு பக்கமாகப் பிடித்து, முகத்தை ஜன்னலுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தாள். அவள் விரல் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது.

“ஒரு நிமிஷம்” என்றாள்.

பின்னால் டிராக்டர் ஒன்று வந்து நின்றது. பத்து விநாடி ஆயிற்று, இருபது ஆயிற்று. போன வருஷம் மூன்றை எட்டாக வாசிப்பதற்கு முன்னாலும் இதே மௌனம்தான் என்று ரதோவனுக்கு நினைவு வந்தது. தாள் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். போச்சு, தொலைந்துவிட்டாள் என்று நினைத்தார். அம்பு வலது பக்கம் காட்டிக்கொண்டு பேசாமல் இருந்தது. கியரைப் போட்டு வலது பக்கம் திருப்பினார்.

மிலாடா முகத்தை நிமிர்த்தினாள்.

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே ரதோ.”

“சொன்னேன்னு நெனச்சேன்.”

“இடது. ஆலை ரோடு.”

திரும்பியிருக்கலாம். பத்து மீட்டர்கூடத் தாண்டவில்லை. டிராக்டர்காரன் கொஞ்சம் வைதிருப்பான், அவ்வளவுதான். ஆனால் ஒரு பொய்யை வண்டிக்குள் வைத்து ஓட்டுகிறவனுக்கு இன்னொரு பொய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆலை ரோட்டை மூடிவிட்டார்கள், போன வாரம் பார்த்தேன் என்றார். மிலாடா உருப்பெருக்கியின் விளக்கை அணைத்தாள்.

பெலிட்சாவுக்கு ஒன்பது நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். முன்னதாகப் பதிவு செய்தாலும் புள்ளி போகும். அதனால் பதிவு இடத்தைக் குறிக்கும் மஞ்சள் பலகைக்கு இந்தப் பக்கம், தேவாலயச் சுவரோரம் வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அங்கே காத்திருந்த இன்னொரு வண்டியில் வழி சொல்பவர் தன் தாளைக் காயவைப்பதற்காக ஜன்னலுக்கு வெளியே பிடித்திருந்தார். அதில் ஊதா மையில், ஈரம் காயாமல், ஒரு முத்திரை இருந்தது. ஆலைச் சக்கரத்தின் படம். ரதோவன் திரும்பி மிலாடாவின் மடியில் இருந்த தாளைப் பார்த்தார். முத்திரைக்கான கட்டம் வெள்ளையாக இருந்தது.

அவர் குறுக்கு வழியில் சம்பாதித்த ஒன்பது நிமிஷம் அது. அதற்குள்தான் இருவரும் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

“எப்ப வச்ச?” என்று கேட்டாள் மிலாடா.

“எத?”

“கடிகாரத்துக்குள்ள இருக்கறத.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நேரா பாத்தாதான் எனக்குத் தெரியாது. ஓரத்துல இருக்கறது எல்லாம் தெரியும். ஊரத் தாண்டினதுமே பாத்துட்டேன். நாலு இருபதுக்குப் பின்னால பச்சையா எரிஞ்சுது.”

தாளைப் பார்க்கும்போது கடிகாரம் அவள் பார்வையின் ஓரத்தில் விழும். அவளுக்கு மிச்சமிருந்தது ஓரம் மட்டும்தான். உலகத்திலேயே அவளுக்கு நன்றாகத் தெரியக்கூடிய ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து அதில் கொண்டுபோய் ஒளித்திருக்கிறார். ரதோவனுக்குக் காது சுட்டது.

“அப்பவே ஏன் கேக்கல?” என்றார். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

“நீ யார் பேச்சக் கேப்பேன்னு பாக்கணும்னு இருந்துச்சு. லிப்கா வரைக்கும் எம்பேச்சத்தான் கேட்ட.” கொஞ்சம் நிறுத்தினாள். “சந்தோஷமா இருந்துச்சு.”

தேவாலய மணி கால் மணி அடித்தது. இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. அவள் கோபப்பட்டிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் தாளைத் தடவிக்கொண்டே, பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். குளிர்காலம் முழுக்க ஓரக்கண்ணால் வாசிக்கப் பழகினாளாம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தாளை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்க்க வேண்டும்; எழுத்து ஒவ்வொன்றாக ஓரத்தில் வரும். மெதுவாகத்தான் வரும். ஒரு கட்டத்துக்கு அரை நிமிஷம்கூட ஆகும். ஆனால் வரும்.

சமையலறை மேஜையும் சுவரும் ரதோவன் கண்முன் வந்து நின்றன.

“எங்கிட்ட ஏன் மிலா சொல்லல?”

“இன்னிக்குக் காட்டலாம்னு இருந்தேன்” என்றாள்.

அவர் பனிவிளக்கு சுவிட்சை அணைத்தார். அம்பு மறைந்து, நாலு இருபது மட்டும் மிஞ்சியது. அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பாமலே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசிப் பகுதியை அவள் பிசகில்லாமல் சொல்லி முடித்தாள். ஒவ்வொரு சந்தியிலும் அவர் நிறுத்திக் காத்திருந்தார். அவள் ஜன்னலைப் பார்த்தபடி வாசிப்பாள், அரை நிமிஷம் போகும், பின்னால் ஹாரன் அடிக்கும், பிறகு சொல்வாள். சொன்ன பக்கத்தில் பலகை இருக்கும். பார், இருக்கு பார் என்று அவள் வழக்கமாகச் சொல்வது மட்டும் இல்லை. தூரமும் பக்கமும் சொன்னாள், வேறொன்றும் சொல்லவில்லை. பொட்டலங்கள் பிரிக்காமல் காலடியிலேயே கிடந்தன.

முடிவிடத்தில் ஓல்டா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மிலாடாவின் தாளை வாங்கி விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஆலை ரோட்டில் பலகை இல்லாததால் எல்லா எழுத்தும் சரி. எல்லா நேரமும் சரி. விரல் ஒரு கட்டத்தில் நின்றது.

“ஆலை முத்திரைய எப்படி விட்டீங்க? இது மட்டும் இருந்திருந்தா இந்த வருஷம் கோப்பை உங்களோடது மிலாடா. இப்பக்கூட நாலாவது எடம்” என்றார். அவருக்குச் சந்தோஷமும் வருத்தமும் கலந்து வந்தன. போன வருஷம் மண்டபத்தைப் பெருக்கிய நேரத்தில் அவள் வந்ததைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

“தெரியும்” என்றாள் மிலாடா.

தாளின் அடியில் ஒரு வரி அச்சிட்டிருக்கும்: வழியை நானே கண்டேன், வேறு உதவி எதுவும் பெறவில்லை. அதன் கீழே வழி சொன்னவர் கையெழுத்துப் போட வேண்டும். ஓட்டியவர் கையெழுத்துக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. போட்டி தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். முப்பத்தெட்டு தாளிலும் மிலாடாவின் சாய்ந்த கையெழுத்துதான் இருக்கிறது. போன வருஷத் தாளில்கூட, கோட்டை விட்டு விலகி, அது இருக்கிறது.

ஓல்டா பென்சிலை நீட்டினார். மிலாடா வாங்கினாள். வாங்கி, பக்கத்தில் நின்ற ரதோவனிடம் நீட்டினாள்.

“நீயே போடு. இன்னிக்கு வழி நீதான பாத்த.”

ரதோவன் பென்சிலைப் பார்த்தார். அவர் பயந்தது இதற்குத்தான், இதைத் தடுக்கத்தான் எல்லாம் செய்தார். அந்த சீட்டைவிட்டு அவளை இறக்கியது அவள் கண் இல்லை. பென்சிலை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

“ஓல்டா, கடிகாரத்துக்குள்ள ஜிபிஎஸ் இருக்கு. நான்தான் வச்சேன். அவகிட்ட சொல்லல. சந்தியில அவ இடதுன்னா. நான் அதப் பாத்து வலது திரும்பினேன்.”

ஓல்டா கோபமாகப் பேசியிருக்கலாம், முப்பது வருஷ நட்பில் அதற்கு உரிமை இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துத் தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டார். போட்டுவிட்டு, ரதோவனைப் பார்க்காமல், எழுந்து நின்று மிலாடாவிடம் கை நீட்டினார். நீட்டிய கை அவளுக்குத் தெரியாது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நீட்டப் போனார். அவள் முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, கையைச் சரியாகப் பிடித்துக் குலுக்கினாள்.

பரிசளிப்புக்கு அவர்கள் நிற்கவில்லை. வெயில் சாய்ந்து சாலையில் மர நிழல்கள் நீண்டு கிடந்தன. ரதோவன் மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே ஓட்டினார். சேர்த்ததெல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன் என்றே போய் முடிந்தது. அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஸ்லாவெக் சொன்னது மட்டும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் லிப்காவிலிருந்து வந்த அதே பக்கமாக நாற்சந்திக்கு வந்தார்கள். லிண்டன் மரங்கள், சிலுவை. நேரே போனால் எட்டு நிமிஷத்தில் வீடு. தூக்கத்தில்கூட அவர் போகக்கூடிய ஒரே வழி. வண்டியை நிறுத்தினார். மிலாடா மடியில் கை வைத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் தாள் இல்லை, வரைபடம் இல்லை.

அவர் காத்திருந்தார். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து, சுற்றிக்கொண்டு முன்னால் போயிற்று. இன்னொரு வண்டி வந்து அதுவும் போயிற்று. போட்டிக்கு வந்தவர்களில் ஒருவர் வேகத்தைக் குறைத்து, வண்டி நின்றுவிட்டதா என்று சைகையில் கேட்டார். ரதோவன் இல்லை என்று தலையாட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன, எந்தப் பக்கமும் திருப்பவில்லை. அவள் சொல்லாமலே போய்விடலாம். சொல்லாமலே இந்த இடத்தில் இருட்டும் வரை நிற்கவும் வேண்டியிருக்கலாம். நிற்பது என்று முடிவு செய்துகொண்டார்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

“இடது” என்றாள் மிலாடா.

வீடு நேரே இருந்தது. அது அவருக்கே தெரியும். இண்டிகேட்டரைப் போட்டு, ஆலை ரோட்டுக்குள் வண்டியைத் திருப்பினார்.